மூன்று டக்கு வைத்த பாவாடை

ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது தைத்த நீலப் பாவாடையை ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை போட்டேன். தைத்துக் கொடுத்தவர் எங்கள் சந்தின் கோடி வீட்டு ஆயா. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் எங்கள் வீடு. கால்மிஷின் இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான், அதனால் சந்துக்கே அவர் மிஷின் ஆயா. அளவெடுத்துவிட்டு அம்மாவிடம், "வளர்ற பொண்ணும்மா, மூணு டக்கு வச்சுத் தைக்கிறேன். வருஷத்துக்கு ஒண்ணு பிரிச்சு விட்டா போதும்" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் பாவாடையை எடுத்துக்கொண்டு போவேன். ஆயா வாசல்படியில் உட்கார்ந்து, பாதி பிளேடால் நூலை ஒவ்வொரு தையலாக அறுப்பார். அவசரப்பட்டால் துணி கிழிந்துவிடும். டக்கு பிரிந்ததும் உள்ளே மடிந்து கிடந்த துணி வெளியே வரும். அதன்மேல் வெயிலும் சோப்பும் பட்டிருக்காது. வெளுத்துப்போன பாவாடையில் இரண்டு விரல் அகலத்துக்குப் புது நீலப் பட்டை தெரியும். ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவார். மடிப்புத் தடம் போகும், நிறம் போகாது. எனக்கு அழுகையாக வரும். "யாராவது கேட்டா டிசைனுன்னு சொல்லு" என்பார்.

நைனா ஹார்பரில் மூட்டை தூக்கினார். வேலை கிடைத்த நாளில்தான் கூலி. அம்மா தையல் கூலி கொடுக்கப் போனால், "அடுத்த டக்கு பிரிக்கிறப்ப சேர்த்துக் குடு" என்று அனுப்பிவிடுவார் ஆயா. அந்த அடுத்த தடவை கடைசிவரை வரவே இல்லை என்பது எனக்குப் புரிய ரொம்ப நாளானது.

போன நவம்பரில் ஆயா இறந்துபோனார். நல்ல மழை. ஷாமியானாவுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு அக்கா, தன் கல்யாண ஜாக்கெட்டை ஒரே ராத்திரியில் தைத்துக் கொடுத்ததைச் சொல்லி அழுதார். அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த ஒரு முஸ்லிம் அம்மா, தன் நான்கு பிள்ளைகளின் பெருநாள் துணியும் ஆயா தைத்ததுதான் என்றார். அதில் ஒரு சட்டையைப் பையில் எடுத்தே வந்திருந்தார், இத்தனூண்டு சட்டை. அதை விரித்துக் காட்டிவிட்டு மறுபடி மடித்து வைத்துக்கொண்டார். இவர்களுக்கெல்லாம் ஆயா தைத்துக் கொடுத்தது எனக்குத் தெரியாது. ஆயா சொல்லிக்கொண்டதே இல்லை.

காசிமேடு கல்லறையிலிருந்து திரும்பி வந்து, அன்று ராத்திரி பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தை எடுத்தேன். யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற பெண் இறந்துபோகிறாள். அதுவும் கடற்கரை ஊர்தான். பக்கத்து ஊரான லித்தாவிலிருந்து இயேசுவின் சீடர் பேதுருவை அழைத்து வருகிறார்கள். விதவைகள் அவரைச் சுற்றி நின்று அழுதுகொண்டே, அவள் தங்களோடு இருந்தபோது தைத்துத் தந்த உடுப்புகளைக் காட்டுகிறார்கள். தொற்காள் பேசியதாக அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. துணிகள்தான் இருக்கின்றன. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அந்தச் சட்டையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் மனசு நிறைந்து தூங்கியிருப்பேன். ஆனால் பேதுரு என்ற பெயர் வேறொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. பேதுருவைத்தான் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள். எங்கள் ராயபுரத்துக்குப் பெயர் வந்ததே அவரால்தான் என்று சொல்வார்கள். அவர் மீன்காரர்.

2003 டிசம்பரில், நான் டீச்சராக இருந்த சண்டே ஸ்கூலில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை. ஒரு பையன் பத்து, பதினோரு வயசு இருக்கும், மேய்ப்பன் வேஷம். காசிமேட்டில் விடியற்காலை ஐஸ் உடைத்துக் கொடுத்துவிட்டு நேராக ஓடி வருவான். அன்று தாமதம். நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "லேட்டா வந்ததும் இல்லாம, குளிச்சிட்டு வரக்கூடாதா? நாத்தம் தாங்கல" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான். மறுபடி வரவில்லை. மேய்ப்பன் வேஷத்துக்கு வேறு பையனைப் போட்டேன். அவன் வீட்டைத் தேடிப் போகவில்லை.

'நம்மில் ஒருவனும் தனக்கென்று பிழைக்கிறதுமில்லை' என்ற ரோமர் 14ஆம் அதிகார வசனத்தை அடக்க ஆராதனையில் ஆறுதலாக வாசிக்கிறோம். ஆயாவுக்கும் வாசித்தார்கள். ஆனால் ஆறு வசனம் தள்ளி, சகோதரனுக்கு முன்பாகத் தடுக்கல் போடாதே என்கிறார் பவுல். ஆயாவின் கை என்மேல் பட்டதுபோல என் வாயும் அந்தப் பிள்ளைமேல் பட்டிருக்கிறது. ஒன்றுக்கு நன்றி சொல்லிவிட்டு மற்றதை மறந்துவிட முடியுமா?

இந்த ஜூனில், 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் திரும்பிய பிறகு, ஒரு சனிக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். "இன்னா டீச்சர், தெரியலையா?" என்று ஒரு குரல். தராசுக்குப் பின்னால் அவன். முகம் அப்படியேதான் இருந்தது, தாடி மட்டும் புதுசு.

காலடியில் ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அன்னிக்கு நான் பேசினது தப்புப்பா. என்னை மன்னிச்சிரு" என்றேன். அவன் தராசைப் பார்த்தான். "அப்புறம் நான் சர்ச்சுக்கு வர்றதில்ல டீச்சர். பொண்ணு வர்றா, சின்ன கிளாஸு. ஞாயித்துக்கிழமை கடையை அம்மாகிட்ட வுட்டுட்டுப் போயி, நானே ரெண்டு வாட்டி சோப்பு போட்டுக் குளிப்பாட்டித்தான் அனுப்புவேன்" என்றான். பிறகு, "வஞ்சிரம் துண்டு போடவா, முழுசா தரவா?" என்று கேட்டான்.

மறுநாள் நான் பெரிய வகுப்பை இன்னொரு டீச்சரிடம் கொடுத்துவிட்டுச் சின்ன வகுப்புக்குப் போனேன். கேட்காமலே தெரிந்தது. கடைசி வரிசையின் ஓரத்தில் ஒரு பிள்ளை, ஈரம் காயாத தலை, பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டி கவுனின் முதுகு நனைந்திருந்தது. பக்கத்தில் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். சோப்பு வாசனை. என்னைப் பார்த்ததும் சட்டென்று நகர்ந்தாள்.

"நான் லேட்டா டீச்சர்?"

"இல்லடா கண்ணு. இன்னும் ஜெபமே ஆரம்பிக்கல" என்று சொல்லி, என் புடவைத் தலைப்பால் அவள் தலையைத் துவட்டினேன்.