மலாக்கா நீரிணையும் மூன்று நாடுகளும்

நாடுகள் சேர்ந்து வேலை செய்வது என்றால் எனக்கு மாநாட்டு மேடையும் கைகுலுக்கலும் நினைவுக்கு வராது, மலேசியாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே உள்ள மலாக்கா நீரிணைதான் வரும். கடற்கொள்ளை மிஞ்சிப்போய் 2004-இல் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் ரோந்தை ஒருங்கிணைத்தன. அப்போதும் அவரவர் கப்பல் அவரவர் எல்லைக்குள்தான். கொள்ளைக்காரனைத் துரத்திக்கொண்டு அடுத்தவர் கடலுக்குள் நுழைய முடியாது. இறையாண்மை அவ்வளவு கறார்! ஆனால் 2005-இல் தொடங்கிய வான்வழி ரோந்தில் ஒரே விமானத்தில் மூன்று நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்தார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். அதே ஆண்டு லண்டன் காப்பீட்டுச் சந்தை இந்த நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் (கப்பல்களுக்குக் கூடுதல் காப்பீட்டுக் கட்டணம் கேட்கக்கூடிய ஆபத்தான கடல்களின் பட்டியல்) சேர்த்தது, 2006-இல் நீக்கிவிட்டது. தாய்லாந்து 2008-இல் இந்த ரோந்தில் வந்து சேர்ந்தது. பக்கத்துச் சிங்கப்பூர் நீரிணையில் மட்டும் கப்பல் திருட்டு இன்னும் ஓயவில்லை.