ஏழு வருட மழையும் பங்குனி வெயிலும்

ஒப்பிடச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் முதலில் அடிமட்டத்தைத்தான் எடுப்பார்கள். தாளின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் 'மழை', அந்தப் பக்கம் 'வெயில்'. கீழே இருட்டு, வெளிச்சம், சத்தம், அமைதி. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பேனையை மூடிவிடுவார்கள். தாவரக் கலத்தையும் விலங்குக் கலத்தையும் அப்படி ஒப்பிட்டுப் பழகிய கை அது. விஞ்ஞானப் பாடத்துக்கு அது சரி. கதைக்குள் இரண்டு இடங்களை ஒப்பிடும்போது, அந்த இடம் அதில் இருக்கிற ஆளை என்ன செய்கிறது என்ற கேள்விக்குக் கோட்டின் எந்தப் பக்கத்திலும் இடம் கிடைப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறேன். கதைக்களத்தை ஒப்பிடப் பழக்குவதற்கு நான் திரும்பத் திரும்ப எடுப்பது, அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1954இல் வெளியிட்ட 'ஆல் சமர் இன் எ டே' என்ற சிறுகதை. வெள்ளிக் கோளில் ஏழு வருடமாக விடாத மழை. மனிதர்கள் நிலத்துக்குக் கீழே சுரங்க அறைகளில் வாழ்கிறார்கள். ஏழு வருடத்துக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் சூரியன் எட்டிப் பார்க்கும். அந்த நாளில், பூமியிலிருந்து வந்த மார்கோ என்ற சிறுமியை வகுப்புப் பிள்ளைகள் ஒரு அலுமாரி அறைக்குள் பூட்டிவிட்டு, அவளை மறந்து வெளியே காட்டுக்குள், வெயிலுக்கு ஓடிவிடுகிறார்கள். நாலைந்து பக்கக் கதை. இரண்டு பாடவேளைக்குள் வாசித்தும் கதைத்தும் முடிக்கலாம்.

இதைப் பங்குனி, சித்திரையில் படிப்பித்தால் ஒரு சிக்கல் உண்டு. அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழே வியர்த்து வழிந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு, வெயிலுக்காக ஏங்குகிற பிள்ளையைப் பிடிபடாது. "ரீச்சர், மழைதானே, நல்லது தானே? கிணறாவது நிறையும்" என்றான் ஒருவன். அவனில் பிழை இல்லை. எங்களுக்கு வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கிற மழைதான் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி வருடம் முழுவதற்கும் கிணற்றில் நிற்க வேண்டும். ஆனால் அந்த வகுப்பிலேயே 2024 கார்த்திகை வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்டவர்களும் இருந்தார்கள். "மூண்டு நாள் பெய்ஞ்சதுக்கே உடுப்புக் காயேல்லை, புத்தகமெல்லாம் பூஞ்சணம்" என்று ஒருத்தி திருப்பிக் கொடுத்தாள். அந்த மூன்று நாளை ஏழு வருடமாக நீட்டிப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் பெரிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு சத்தத்துக்கு வருவோம். கதையின் முற்பகுதியில் மழைச் சத்தம் காட்டுகிற சொற்களுக்கெல்லாம் கீழே கோடு போடச் சொல்வேன். பக்கம் நிறையக் கோடு விழும். மழை நிற்கிற இடத்தில் பிராட்பரி வெளிச்சத்தைப் பற்றி எழுதுமுன் நிசப்தத்தைப் பற்றி எழுதுகிறார். கதையில் வருகிற பிள்ளைகள் காதில் கையை வைக்கிறார்கள். ஏன் காதில்? "கரண்ட் போய் ஃபான் நிக்கேக்கதான் அது இவ்வளவு நேரமும் கத்தினது தெரியும், அது மாதிரி" என்றான் பின்வாங்கில் இருந்தவன். வழிகாட்டி நூல்களில் இவ்வளவு நல்ல விளக்கத்தை நான் காணவில்லை. ஒரு களம் மாறும்போதுதான் முந்திய களம் என்னவாக இருந்தது என்று பாத்திரத்துக்கே விளங்குகிறது.

கணக்கும் உதவும். எங்கள் பிள்ளைகளுக்கு அதில் ஒரு பிரியம். கதையில் வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் ஒன்பது வயது. ஏழு வருடத்துக்கு முன் சூரியன் வந்தபோது இரண்டு வயது. மார்கோ பூமியிலிருந்து வந்து ஐந்து வருடம், வரும்போது நாலு வயது. ஆகவே அவளுக்கு நினைவிருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை. கரும்பலகையில் இந்தக் கழித்தலைச் செய்து முடிக்க, ஒரே அறைக்குள் இரண்டு களம் இருப்பது தெரியவரும். தலையில் தண்ணீர் படக்கூடாது என்று அவள் குளியலறையில் கத்துவது அப்போதுதான் பிள்ளைகளுக்குச் சிரிப்பாகத் தெரியாமல் போகும்.

சூரியனைப் பற்றி மார்கோ சொன்னதை மற்றவர்கள் ஏன் நம்பவில்லை என்று கேட்டேன். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்த பிள்ளை ஒருத்தி, "அங்க இப்படி இருந்துச்சுன்னு சொன்னா, பொய் சொல்றான்னு சிரிப்பாங்க மிஸ்" என்றாள். அவளுடைய பேச்சைப் பழித்துக் காட்டுகிறவர்கள் அந்த வகுப்பிலேயே இருந்தார்கள். நான் அதைத் தொடவில்லை, அடுத்த பந்திக்குப் போய்விட்டேன். வகுப்பில் சிலதை ஆசிரியர் விளங்கப்படுத்தினால் கெட்டுவிடும்.

விஞ்ஞானம் நன்றாகப் படிக்கிற ஒருவன் கட்டாயம் எழும்புவான்: "வெள்ளியில மழையே நிலத்துக்கு வராது ரீச்சர்." உண்மைதான். 1962இல் மரினர் 2 விண்கலம் கிட்டப் போய்ப் பார்த்தது, 1970இல் வெனேரா 7 விண்கலம் இறங்கியது. தரையில் சுமார் 460 பாகை செல்சியஸ், ஈயமே உருகும். பெய்கிற கந்தக அமிலமும் வழியிலேயே ஆவியாகிவிடும். கதை அதற்கெல்லாம் முந்தியது. முகிலுக்குக் கீழே சதுப்புநிலம் இருக்கலாம் என்று அறிஞர்கள் சிலரும் எண்ணிய காலம். இந்தக் கேள்வியை நான் மறிப்பதில்லை. மறித்தால் விஞ்ஞானப் புனைகதையில் விஞ்ஞானத்துக்கு வேலையில்லை என்று ஆகிவிடும். உண்மை வெள்ளியில் இந்தக் கதை நடக்குமா என்று அவனையே கேட்பேன். நடக்காது, கதவைத் திறந்து வெளியே ஓட முடியாது. அப்படியானால் ஓடக்கூடிய ஒரு வெளி எழுத்தாளருக்கு ஏன் தேவைப்பட்டது? அங்கே விவாதம் சூடுபிடிக்கும்.

எல்லாரும் தவறவிடுவது மூன்றாவது இடத்தை. சுரங்கம், காடு என்று இரண்டையே எழுதுவார்கள். அந்த அலுமாரி அறையும் ஒரு களம். ஆனால் கதை ஒரு தரமும் அதற்குள் போவதில்லை. கதவு உதைபடுவதும் அழுகையும் வெளியே கேட்கின்றன, அவ்வளவுதான். மற்ற இரண்டு இடங்களுக்கும் நிறமும் சத்தமும் அள்ளிக் கொடுத்தவர், இதற்கு ஒரு வரி கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அரைப்பக்கம் எழுதச் சொல்வேன். நல்ல எழுத்து வருவது பெரும்பாலும் அந்த அரைப்பக்கத்தில்தான், ஆங்கிலத்தில் திக்குகிற பிள்ளையிடமிருந்தும்கூட.

சோதனையில் அட்டவணை போட்டால் புள்ளி வரும், இதெல்லாம் நேர விரயம் என்று சொல்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தரம் 11 முடிவில் வருகிற ஓ.எல். பொதுச் சோதனை நெருங்குகிறபோது பெற்றோரும் அதையே கேட்பார்கள். அட்டவணையை நானும் போட விடுகிறேன், எல்லாம் எழுதி முடித்த பிறகு, கடைசிப் பத்து நிமிடத்தில். இப்போது சிலர் இரண்டு கோடு கீறுகிறார்கள்.