குனியாதேங்கோ

எங்கள் ஊரில் நாய் குரைத்துக்கொண்டு வந்தால் குனிய வேண்டும். கையில் கல் வேண்டியதில்லை. குனிந்தாலே போதும், ஒழுங்கை முனைவரை துரத்திவந்த நாயும் வாலை இடுக்கிக்கொண்டு திரும்பிவிடும். பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பழகிவிடும். விசர் நாய்ப் பயமும் கூடவே வரும். சித்தப்பாவை நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போடுவதற்காக அவர் நாள்தோறும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்த கதையை அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

2011இல் சுவிசுக்கு வந்து கூர் நகரில் குடியேறியபோது இந்தப் பழக்கமும் பயமும் என்னோடுதான் வந்தன. ஜெர்மன் படித்து, பராமரிப்புப் பயிற்சியும் முடித்து, ஸ்பிடெக்ஸ் என்று இங்கே சொல்கிற வீட்டுப் பராமரிப்பு வேலையில் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது, குளிக்க உதவுவது, இறுக்கமான காலுறையை மாட்டிவிடுவது. நகரத்துக்குள் இருக்கிற வீடுகளில் பிரச்சினை இல்லை. மலையடிவாரத்துப் பண்ணை வீடுகளில்தான் நாய்.

அப்படி ஒரு வீட்டுக்கு முதல் தரம் போனபோது படலையில் ஒரு பலகை தொங்கியது. 'இங்கே காவல் இருப்பது நான்' என்று எழுதி ஒரு ரொட்வைலரின் தலையை வரைந்திருந்தார்கள். படலைக்கு அந்தப் பக்கம் அதே தலை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. கரிய உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு மண்ணிறப் பொட்டு, அகன்ற நெஞ்சு. குரைக்கவில்லை. வாய் மூடியிருந்தது, உடம்பில் அசைவே இல்லை.

குரைக்கிற நாய் கடிக்காது என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. அதை நம்பி யாரும் படலையைத் திறக்க வேண்டாம். குரைக்கிற நாய் 'அங்கேயே நில்' என்று சொல்கிறது. குரைக்காமல் விறைத்து நிற்கிற நாயும் அதையேதான் சொல்கிறது, இன்னும் அழுத்தமாக. நான் படலையைத் தொடாமல் இரண்டடி பின்னே வந்து, வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

வெளியே வந்த வீட்டம்மா நாயின் பக்கத்தில் நின்றுகொண்டு, "அவனைப் பார்க்காதீர்கள், என்னோடு கதையுங்கள்" என்றார். எனக்கு அன்று கிடைத்த பெரிய பாடம் அதுதான். நானும் அவரும் வானிலையைப் பற்றிக் கதைத்தோம், அவருடைய கணவருக்கு இரவு நித்திரை வந்ததா என்று கதைத்தோம். நாய் என் சப்பாத்தை மோந்தது. பையை மோந்தது. அதில் அதற்கு முன் போன வீட்டுப் பூனையின் மணம் இருந்திருக்க வேண்டும், வெகுநேரம் மோந்தது. முழங்காலுக்குப் பின்னால் ஈரமான மூக்கு பட்டபோது மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. கை இரண்டையும் தொங்கவிட்டபடி, நாய்க்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றேன். முகத்துக்கு நேரே கையை நீட்டி 'மோந்து பார்' என்று காட்டுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அது தேவையில்லை. நாய்க்கு நம்முடைய மணம் எட்ட நின்றாலே போய்ச் சேர்ந்துவிடும்.

முதல் மூன்று நாளும் நான் அதைத் தொடவில்லை. நான்காம் நாள் பெரியவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது அதுவாக வந்து தன் பாரம் முழுவதையும் என் தொடையில் சாய்த்து நின்றது. நெஞ்சுப் பக்கத்தில் மெல்லத் தடவி, மூன்று விநாடியில் கையை எடுத்துவிட்டேன். வேண்டும் என்றால் இன்னும் நெருங்கி வரும், வேண்டாம் என்றால் விலகிப் போகும். அது நெருங்கி வந்தது. தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோவதும், குனிந்து கட்டிப்பிடிப்பதும் நமக்குத்தான் அன்பு. காவல் நாய்க்கு அது மேலே விழ வருகிற ஆள். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்திலும் எலும்பு கடிக்கும்போதும் அதை நெருங்கவே கூடாது, எத்தனை வருடம் பழகியிருந்தாலும்.

என்னைப் போல வேலைக்குப் போகிற பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாய் கடித்தால் மறைக்காதீர்கள். வேலை போய்விடுமோ, அந்த வீட்டுக்காரர் கோபிப்பாரோ என்று நம் ஆட்கள் காயத்தைத் துணியால் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மருத்துவரிடம் போங்கள். நாய்க்கடியை மாநிலக் கால்நடை அலுவலகத்துக்கு அறிவிப்பது இங்கே மருத்துவரின் சட்டக் கடமை. அதில் உங்கள் மேல் எந்தக் குற்றமும் வராது.

விசர் நாய்ப் பயத்தைத் தீர்த்துவைத்தவர் அந்தப் பெரியவர். இளம் வயதில் வாலிஸ் மாநிலத்தில் வேலை செய்தவர். அங்கே 1978இல், வெட்டிய கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டார்களாம். நரிகள் அதைத் தின்றன, நோய் மற்ற விலங்குகளுக்குப் பரவுவது நின்றது. உலகத்திலேயே முதல் தடவை காட்டு விலங்குக்கு வாய்வழி மருந்து அப்படிக் கொடுத்தது அங்கேதான். 1999இலிருந்து சுவிஸ் விசர்நோய் இல்லாத நாடு. அதைக் கேட்டபோது எனக்குச் சித்தப்பாவின் ஊசிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. கோழித் தலையால் ஒரு நாடு முழுவதையும் அந்தப் பயத்திலிருந்து விடுவிக்க முடிந்திருக்கிறதே என்று கண் கலங்கியது.

வீட்டு நாய்க்குச் சொந்தக்காரர் பக்கத்தில் இருப்பார். மலையில் அப்படியில்லை.

நாங்கள் கூருக்கு வந்த அடுத்த வருடம், 2012இல், நகரத்துக்கு மேலே தெரிகிற கலண்டா மலையில் ஓநாய்க் கூட்டம் ஒன்று குட்டி போட்டிருப்பது தெரியவந்தது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் சுட்டுச் சுட்டே இல்லாமல் ஆக்கியிருந்த ஓநாய்கள் 1995இல் இத்தாலிப் பக்கத்திலிருந்து திரும்பி வரத் தொடங்கின. ஆனால் கூட்டமாகக் குடியேறியது முதலில் கலண்டாவில்தான். ஓநாய் வந்ததால் ஆட்டு மந்தைக்குக் காவல் நாய்கள் தேவைப்பட்டன. இத்தாலியின் மரேம்மானோ, பிரான்சுப் பக்கத்து பிரெனே மலைநாய், இரண்டும் வெள்ளை. குட்டியிலிருந்தே ஆடுகளுக்கு நடுவில் வளர்ந்து, ஆட்டையே தன் குடும்பமாக நினைக்கிற நாய்கள். மரேம்மானோ ஆண் நாய் 45 கிலோ வரை வரும், பிரெனே நாய் அதைவிடப் பெரியது.

ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த கணவரின் தம்பியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு ஓகஸ்ட் மாதம் மலை நடைக்குப் போனேன். பாதை தொடங்கும் இடத்தில் வெள்ளை நாயின் படம் போட்ட பலகை இருந்தது. வாசித்துவிட்டுத்தான் நடந்தோம். ஒரு வளைவு திரும்பியதும் சரிவு முழுக்க ஆடுகள். கல் என்று நினைத்த ஒன்று எழும்பி நின்றது. அடுத்த கணம் அடித்தொண்டையால் குரைத்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தது. பின்னால் இன்னொன்று, சத்தம் இல்லாமல், பக்கவாட்டால் சுற்றிக்கொண்டு.

தம்பியின் கை தானாகவே நிலத்துக்குப் போனது.

"தம்பி, குனியாதேங்கோ. தடியைக் கீழே பிடியுங்கோ."

"அண்ணி, கிட்ட வருது."

"வரட்டும். அசையாதேங்கோ. அதின்ர கண்ணைப் பார்க்காதேங்கோ."

மகளை என் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினேன். பத்தடி தூரத்தில் நாய் நின்றது, குரைப்பு நிற்கவில்லை. கழுத்து மயிர் சிலிர்த்திருந்தது, தாடையில் உமிழ்நீர் நூலாகத் தொங்கியது, ஒரு காதில் பழைய கிழிசல். நான் அதோடு கதைத்தேன், தமிழில்தான். "சரி சரி, நாங்கள் போயிடுறம், உன்ர ஆட்டை நீயே வைச்சிரு" என்று, வீட்டில் கதைக்கிற குரலில். நாய்க்குச் சொல் முக்கியமில்லை. ஓநாய் கதைக்காது, மனிதர் கதைப்பார், அந்த வித்தியாசம் அதற்குப் போதும். இரண்டு நிமிடம் இருக்கும், எங்களுக்கு அது ஒரு மணித்தியாலம். குரைப்பின் இடைவெளி கூடியது. வால் கொஞ்சம் இறங்கியது. பிறகு திரும்பி ஆடுகளைப் பார்த்தது. அப்போதுதான் நாங்கள் அடி அடியாகப் பின்னே வந்தோம், முதுகைக் காட்டாமல், ஓடாமல். மந்தையைப் பிளந்துகொண்டு போகாமல் மேட்டுப் பக்கத்தால் பெரிய வட்டம் போட்டுச் சுற்றினோம். நாற்பது நிமிடம் கூடுதலாக எடுத்தது.

மேட்டில் இருந்த, ஆடு மேய்க்கும் பெண் நாங்கள் செய்தது சரி என்றார். விசில் அடித்தால் வருகிற மேய்ப்பு நாய் வேறு, இது வேறு; தூரத்தில் அவர் கூப்பிட்டாலும் இது தானே யோசித்துத்தான் முடிவெடுக்குமாம். சைக்கிளில் வருகிறவர் இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும், வேகமாக வருகிற எதையும் அது தாக்குதல் என்றே எடுக்கும் என்றார். தடவவோ சாப்பாடு கொடுக்கவோ கூடாது, அதன் பாசம் ஆடுகளோடு இருக்க வேண்டும். அந்த நாய்கள் எந்த மேய்ச்சலில் நிற்கின்றன என்று அரசின் இணைய வரைபடத்திலும் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அதைப் பார்க்காமல் நான் மலைக்குப் போவதில்லை.

தம்பி இறங்கும் வழி முழுவதும் கதைக்கவில்லை. பஸ்ஸுக்குள் ஏறி இருந்த பிறகுதான், "அது எங்களைக் கடிக்க வரேல்ல, என்ன அண்ணி?" என்று கேட்டார்.

"இல்லை தம்பி. ஆர் எண்டு கேக்க வந்தது."

அடுத்த வருடம் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். போவதற்கு முன் அவளுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னேன்: அங்கே விசர்நோய் இருக்கிறது, எந்த நாயையும் தொடக்கூடாது, குட்டியாக இருந்தாலும் கூடாது. பல்லோ நகமோ பட்டுக் கீறினால் ஒளிக்காமல் உடனே என்னிடம் வர வேண்டும். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். சுவிசில் வளர்கிற நம் பிள்ளைகளுக்கு நாயைக் கண்டால் கொஞ்சி விளையாடத்தான் தெரியும். அதுதான் எனக்குப் பயம்.

கோயிலுக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு செவலை நாய் குரைத்துக்கொண்டு வந்தது. மகள் நின்றாள். பக்கவாட்டில் திரும்பி, கையைத் தொங்கவிட்டு, வேலியைப் பார்த்தபடி. பக்கத்தில் வந்த என் அம்மா பழக்கத்தில் கல்லுக்குக் குனிந்தார்.

"அம்மம்மா, குனியாதேங்கோ" என்றாள் மகள், தலையைத் திருப்பாமல்.

அம்மா பாதி குனிந்தபடியே நின்றார். நாய் இன்னும் நாலு தரம் குரைத்தது. பிறகு போய்த் தன் படலையடியில், நிழலில் படுத்துக்கொண்டது.