வெறுங்கைக்கு எத்தனை முகப் பகடை?

தருமபுரியில் ஞாயிறுதோறும் என் வீட்டுத் திண்ணையில் ஐந்து பேர் கூடிப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்தில், இப்போது தகடூர்க் கோட்டை முற்றுகையை நடத்திவருகிறேன். தூதாக உள்ளே செல்பவர்கள் வாளையும் வேலையும் வாயிலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும் என்று நான் விதி வைத்த நாளில்தான், வெறுங்கைச் சண்டைக்கு எவ்வளவு வலுக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளே எங்களுக்கு அடிப்படை. அதன்படி, வலிமைக்கு 3 புள்ளி கூடுதலாக உள்ள ஒருவன் குத்தினால் சேதம் வெறும் 4. அவனே நீள்வாளை வீசினால், அதற்கு எட்டுமுகப் பகடை என்பதால், சராசரி 7.5. வெறுங்கைச் சண்டையில் தேர்ந்த துறவி வீரர்களான மங்க் வகுப்பினர் முதல் நிலையில் நான்குமுகப் பகடைதான் உருட்டுகிறார்கள் என்றாலும், ஒரே சுற்றில் கூடுதலாக ஒரு குத்து விட முடிவதால், இரண்டும் பட்டால் சராசரி 11 ஆகி வாளை முந்திவிடுகிறார்கள்.

மல்லனாக ஆடும் தம்பி ஒருவர் கேட்டுக்கொண்டதால், மற்போர் பழகிய யாருடைய குத்துக்கும் எட்டுமுகப் பகடை என்று முதலில் மாற்றினேன். அது என் பிழை. 15 பொற்காசு கொடுத்து வாங்க வேண்டிய வாளும் காசில்லாத கையும் ஒரே சேதம் தந்தபோது, வாள் வாங்க ஒருவரும் முன்வரவில்லை. கையை வாயிலில் பறித்துக்கொள்ள முடியாது, அது தொலைவதுமில்லை. அந்த நன்மைக்கு ஈடாக அடியின் சேதம் குறைந்தே இருக்க வேண்டும்.

விடை எனக்குப் புறநானூற்றின் 80ஆம் பாட்டில் கிடைத்தது. ஆமூர் மல்லனை வீழ்த்தும் சோழன் கோப்பெருநற்கிள்ளியின் ஒரு கால் எதிரியின் மார்பில் ஊன்றி நிற்கிறது, மற்றொரு கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுக்கிறது. மற்போரின் உயிர் குத்தில் இல்லை, பிடியில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஆகவே குத்தை நான்குமுகப் பகடைக்கு இறக்கிவிட்டுப் பிடியை வலுவாக்கினேன். மூல விதியில் பிடிபட்டவனால் நகர முடியாதே தவிர, அவன் ஆயுதத்தைத் தடையின்றி வீசலாம். எங்கள் திண்ணையில், பிடிக்குள் சிக்கியவன் வேலையோ நீள்வாளையோ ஓங்க முடியாது. குறுவாள் மட்டும் செல்லும். பிடித்தவனுக்கும் விலை உண்டு: இரு கைகளும் அகப்பட்டிருப்பதால், மூன்றாமவன் அவனைத் தாக்கும்போது இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்வான்.

சென்ற வாரம் மல்லன் வாயிற்காவலனை வேலோடு சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபோது, பின்னாலிருந்து இன்னொரு காவலன் ஓடிவர, பிடியை விடுவதா தாங்குவதா என்று அந்தத் தம்பி பகடையைக் கைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். நான் விரும்பிய தயக்கம் அதுதான். அடுத்த வாரம் போர்யானையைப் பிடிக்க வேண்டும் என்கிறார். அளவில் தன்னைவிட ஒரு படி பெரிய உயிர்வரைதான் பிடிக்கலாம் என்ற மூல விதியை மட்டும் நான் தளர்த்தப்போவதில்லை.