தொடாதை சேர்

பழைய மாணவர் மலர்க் குழுவினர் தொலைபேசியில் கேட்டபோது முதலில் தட்டிக்கழிக்கத்தான் பார்த்தேன். இரசாயனவியல் சேர் காலமாகிவிட்டார், இந்த முறை அவருக்கென்று தனியாகப் பக்கங்கள் ஒதுக்குகிறோம், அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் எழுத வேண்டும் என்றார்கள். எல்லாரும் எழுதினால் எல்லாரும் ஒன்றையேதான் எழுதுவோம்: கண்டிப்பானவர், நேரந்தவறாதவர், எங்களை ஆளாக்கியவர். எல்லாம் உண்மை. நானும் அப்படி ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் பேரப்பிள்ளைகள் போத்தலில் படிகாரப் பளிங்கு வளர்க்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைவில் வருகிற சேர் வேறு மாதிரியானவர். பெயர் போடவில்லை. ‘தொடாதை சேர்’ என்றால் உங்களுக்குத் தெரியும்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிரம்பும் எடுக்கமாட்டார். முதல் வாங்கில் இருப்பவன் தன் போத்தலை விரலால் மெல்ல நகர்த்தினால், கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பாமலே, “தொடாதை” என்பார். அவ்வளவுதான். அடித்திருந்தால் மறந்திருப்போம்.

சமையலறையில் இருக்கிறதை வைத்துப் பளிங்கு வளர்த்துக்கொண்டு வாருங்கள் என்று அவர் சொன்ன தவணை நினைவிருக்கிறதா? எப்படி என்று சொல்லவில்லை. நாங்கள் எல்லாரும் கறியுப்பில்தான் தொடங்கினோம். கொதிநீரில் கரைந்த மட்டும் கரைத்து, நூலைத் தொங்கவிட்டு, ஆறவைத்துவிட்டுப் படுத்தோம். விடிய எழும்பிப் பார்த்தால் நூல் நனைந்த நூலாகவே இருந்தது. அடுத்த பாடத்தில் போய் முறையிட்டோம். கரும்பலகையில் 36 என்று எழுதினார், பக்கத்தில் 39 என்று எழுதினார். விளக்கம் இல்லை. அன்றைய பாடத்தைத் தொடர்ந்தார்.

அந்த எண்களின் அர்த்தத்தைக் கண்டுபிடித்தது பின்வாங்குக் கூட்டம் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் முன்வாங்குக்காரர் இன்றுவரை அதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். 100 மில்லிலீற்றர் தண்ணீரில், 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 36 கிராம் கறியுப்புக் கரையும். கொதிக்கும்போது 39. வித்தியாசம் மூன்று கிராம்தான். ஆகவே உப்புக் கரைசலை எவ்வளவு சூடாக்கி எவ்வளவு ஆறவிட்டாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தண்ணீர் தானாக ஆவியாகிப் போக வேண்டும். அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, சும்மா இருக்கத்தான் முடியும். அவர் எங்களுக்குப் படிப்பிக்க நினைத்ததும் அதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சீனி வேறு ரகம். அதே 100 மில்லிலீற்றரில் 20 பாகையில் 200 கிராம் கரையும், கொதிநிலையில் 480 கிராமுக்கும் மேல். ஆறும்போது அந்த மிச்சம் எல்லாம் வெளியே வரத்தான் வேண்டும். ஆனால் பாகு தடித்துப்போய்க் கிடப்பதால் மூலக்கூறுகள் நகர்ந்து தம் இடத்தில் போய் உட்கார நாட்கள் பிடிக்கும். குச்சியில் கற்கண்டு ஏற ஒரு வாரமாவது வேண்டும். அதற்குள் எங்களில் பாதிப் பேர் குச்சியை எடுத்து நக்கிவிட்டார்கள். படிகாரம்தான் நல்ல பிள்ளை: 20 பாகையில் 14 கிராம், 50 பாகையில் 37 கிராம். சூட்டில் கரையும், ஆறினால் திருப்பித் தரும், முகங்களும் தெளிவாக வரும்.

நான் படிகாரத்துக்கு மாறினேன். முதலில் ஒரு தட்டில் கொஞ்சக் கரைசலை ஊற்றிவைத்து, அடியில் வந்த குருணிகளில் மூலை உடையாத ஒன்றைத் தேர்ந்தேன். பருத்தி நூலில் கட்டினால் அதன் நார் ஒவ்வொன்றிலும் புதிதாகக் குருணி பிடிக்கும், நடுவில் இருக்கிறது வளராது. அதனால் அக்காவின் நீளமான தலைமயிர் ஒன்றில் கட்டினேன். (அவள் கொடுத்தாள் என்று சொல்லவில்லை.) கரைசலை நன்றாக ஆறவைத்த பிறகுதான் அதை இறக்கினேன், இல்லையென்றால் விதையே கரைந்துபோகும். தூசி விழாமல் வாயை வடிதாளால் மூடி, பகலும் இரவும் ஒரே சூடு இருக்கும் அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். பல வாரம் கழித்து அரை அங்குலத்துக்கு ஓர் எண்முகி தொங்கியது. எட்டு முகமும் கண்ணாடி.

போத்தலையும் கரைசலையும் அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். சேர் பளிங்கை மயிரோடு தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வகுப்பு அமைதியாக இருந்தது. பாராட்டத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எங்கை வாங்கினது?”

“வாங்கேல்லை சேர். நான்தான் வளர்த்தது.”

“வளர்த்தவனுக்குத் திரும்பவும் வளர்க்கத் தெரியுந்தானே.”

என் போத்தலில் இருந்த கரைசலை முகவையில் ஊற்றினார். பளிங்கை அதற்குள் விட்டார். பன்சன் சுடரடுப்பை அவரே பற்றவைத்தார்.

படிகாரம் சட்டென்று கரைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நேரமெடுக்கும். வகுப்பு முழுவதையும் மேசையைச் சுற்றி நிற்கச் சொன்னார். எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். சேர் பாடம் நடத்தினார். “பாருங்கோ, முதல்லை போறது மூலை. பிறகு விளிம்பு. முகம் கடைசியாத்தான் போகும்.” அப்படித்தான் போனது. கூரெல்லாம் மழுங்கி, உருண்டு, ஒரு மணியாகி, பிறகு மயிர் மட்டும் மிதந்தது. கரைவது எப்படி என்று அதைவிடத் தெளிவாக ஒருவரும் எனக்குக் காட்டியதில்லை. அந்த நேரம் முழுக்க அவர் என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஒன்றுகூடல்களில் இந்தக் கதை வந்தால் இரண்டு கட்சி. சேர் உண்மையாகவே சந்தேகப்பட்டார் என்பது ஒன்று. அது வகுப்பிலேயே நல்ல பளிங்கு, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தார், அது ஒரு மரியாதை என்பது மற்றது. இரண்டாவது கட்சியில் இருப்பவர்கள் யாருடைய பளிங்கும் கரைக்கப்படவில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். எனக்கு உறைத்த விஷயம் வேறு, அதுவும் பிந்தித்தான் உறைத்தது. விலைக்கு வாங்கும் படிகாரம் உடைத்த கட்டி. ஒழுங்கில்லாத துண்டு. மூலை உடையாத எண்முகியாக யாரும் விற்பதில்லை. நாங்கள் வேண்டுமானால் அறியாப் பிள்ளைகள், இரசாயனவியல் ஆசிரியருக்கு அது தெரியாதா? நான் வாங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டார். ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இரங்கல் கட்டுரைக்கு ஏற்ற பதிலும் இல்லை.

டொரதி ஹொட்ஜ்கினைப் பற்றி அவர் சொன்னதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். பத்து வயதளவில் பள்ளிக்கூடத்தில் படிகாரமும் செப்பு சல்பேற்றும் வளர்த்த பிள்ளை, 1964இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வாங்கியது, 1969இல் இன்சுலினின் கட்டமைப்பைக் கண்டறிந்தது. பக்கத்து வகுப்புப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார். ஹொட்ஜ்கினுடைய பளிங்கை யார் கரைத்தது என்று கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை.

சரி, மிச்சத்தையும் சொல்கிறேன். பாடம் முடிய, ஆறிய கரைசலை என் போத்தலில் திருப்பி ஊற்றி என்னிடம் தந்தார். “இதுக்குள்ளைதான் கிடக்கு.” வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. ஆய்வுகூட அலுமாரியில், அமிலப் போத்தல்களுக்குக் கீழ்த்தட்டில் வைக்கச் சொன்னார். அலுமாரித் திறப்பு அவரிடம்தான். இரண்டாம் மணிக்கு முன்னால் போனால் ஒரு வார்த்தை பேசாமல் திறந்துவிடுவார், நான் பார்ப்பேன், பூட்டுவார். புது விதை கட்டித் தொங்கவிட்டேன். வளரத் தொடங்கியது. முதலாவதைவிட மெதுவாக, ஆனால் முதலாவதைவிடத் தெளிவாக.

அது வளர்ந்துகொண்டிருக்கும்போதுதான் நாங்கள் வெளிக்கிட்டோம். தவணை நடுவில், உங்களில் பலர் வெளிக்கிட்டது போலவே. கடைசி நாள் அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்: “கொண்டு போறியோ, விட்டிட்டுப் போறியோ?”

“குலுங்கும் சேர். விட்டிட்டுப் போறன்.”

“அப்ப ஒருத்தரும் தொடமாட்டினம்.”

அவர் என்னோடு நேருக்கு நேர் பேசிய மிக நீண்ட உரையாடல் அதுதான். வந்த இடத்தில் நன்றாகத்தான் இருந்தோம். படிப்பு வேறு பக்கம் போயிற்று, கணக்குப் புத்தகங்களோடு வேலை செய்து ஓய்வு பெற்றேன். இரசாயனவியல் படித்திருப்பேனா? தெரியாது. இங்கே வந்த பிறகு அதைப் படிக்க யாரும் தடுக்கவில்லை. ஆனால் காலையில் அலுமாரியைத் திறந்துவிட ஒருவரும் இருக்கவில்லை.

இப்போது வீட்டில் மூன்று போத்தல் நடக்கிறது. கொதிநீரை ஊற்றுவது என் வேலை, பாகு பிடிப்பதும் என் வேலை. சீனிப்பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், பிள்ளைகளின் கையில் விடக்கூடாது. சீனியில் வருவதை மட்டும்தான் வாயில் வைக்கலாம், அதுவும் கழுவிய போத்தலாக இருந்தால். சின்னவன் எல்லாவற்றையும் நக்கிப் பார்க்கும் வயதில் இருப்பதால் செப்பு சல்பேற்று இந்த வீட்டுக்குள் வராது, நீலம் எவ்வளவு அழகாக இருந்தாலும். தலைமயிருக்குப் பதில் மெல்லிய நைலோன் தூண்டில் நூல். உப்புப் போத்தல்தான் தொல்லை. உப்பு விளிம்பேறி வெளியே இறங்கித் தட்டு முழுவதும் வெள்ளையாகப் படர்ந்து, மனைவியிடம் நான்தான் பேச்சு வாங்கினேன். விளிம்பில் கொஞ்சம் வாசலின் பூசினால் அங்கேயே நிற்கும். கட்டிபடாமல் இருக்க ஏதாவது சேர்த்த உப்பென்றால் கரைசல் கலங்கலாக இருக்கும், சேர்க்காததை வாங்க வேண்டும்.

மூத்தவள் தொலைபேசியில் மெக்சிக்கோவின் நைக்கா சுரங்கத்தைக் காட்டினாள். 2000ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளர் கண்ட குகை. தண்ணீரை இறைத்த பிறகு வெளிப்பட்டது. உள்ளே 10 மீற்றருக்கும் மேல் நீளமான ஜிப்சம் பளிங்குகள். ஏறத்தாழ 58 பாகையில் அசையாத தண்ணீருக்குள் மிக நீண்ட காலம் கிடந்து வளர்ந்தவை. “எப்படி அப்பப்பா இவ்வளவு பெரிசு?” என்றாள். ஒருத்தரும் தொடவில்லை என்றேன். சொன்ன பிறகுதான் யாருடைய பேச்சு அது என்று எனக்கு விளங்கியது.

அவளுடைய படிகாரப் பளிங்கில் ஒரு பக்கத்தில் இன்னொரு குருணி ஒட்டி வளர்ந்திருக்கிறது. கரைத்துவிட்டுத் திரும்ப வளர்க்கலாம், இன்னும் நன்றாக வரும் என்று சொல்லிப் பார்த்தேன். ஏன் கரைக்க வேண்டும், இது என்ரது என்றாள். காய்ந்த காற்றில் படிகாரம் நீரை இழந்து மேற்பரப்பு வெளுத்துவிடும் என்பதால் நிறமில்லாத நகப்பூச்சுப் பூசிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். அவளுடைய ஆசிரியை மிகவும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒரு நட்சத்திரம் ஒட்டிவிட்டாராம். எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, ஏதோ குறைவது போலவும் இருந்தது.

இனி என் விண்ணப்பம். நான் விட்டுவந்த போத்தலுக்கு என்ன நடந்தது என்று கேட்டால், பழைய வகுப்புத் தோழர்கள் இரண்டு கதை சொல்கிறார்கள். சேர் அதை வருடக்கணக்காக வைத்திருந்தார், தேசிக்காய் அளவுக்கு வளர்ந்தது என்கிறார் ஒருவர். இன்னொருவர், போத்தல் வற்றி அடியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது, அவ்வளவுதான் என்கிறார். முதலாவது கட்டுக்கதை என்றுதான் நினைத்திருந்தேன். சேர் போன செய்தி வந்த இரவு நித்திரை வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது கால் லீற்றர் போத்தல். 100 மில்லிலீற்றருக்கு 14 கிராம் என்றால் உள்ளே ஏறத்தாழ 35 கிராம் படிகாரம். ஒரு கன சென்ரிமீற்றர் ஏறத்தாழ 1.75 கிராம். வகுத்தால் 20 கன சென்ரிமீற்றர் வருகிறது, அது சின்னத் தேசிக்காய்தான். கரைசல் முழுவதும் வற்றியிருந்தால்தான் அந்த அளவு வரும். ஆக இரண்டு பேரும் உண்மை சொல்லியிருக்கலாம். அது முழுப் பளிங்காக வற்றியதா, பொருக்காக வற்றியதா என்பது மட்டும்தான் கேள்வி. அந்த வருடங்களில் அலுமாரித் திறப்புக் கையில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து மலர்க் குழுவுக்கு எழுதிப் போடுங்கள்.