கழித்தல் கணக்கு: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

இந்த மாதம் வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது என்று முடிவு. முதலில், ஃபோனில் வரும் அறிவிப்புகளை இன்று ஒழுங்குபடுத்தினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்துவிடத்தான் உட்கார்ந்தேன். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வந்து கை நின்றது. அறிவிப்புகளை நாளுக்கு மூன்று வேளை மட்டும் மொத்தமாகப் பெற்றவர்கள் முன்பைவிட நல்ல மனநிலையில் இருந்தார்களாம். ஒன்றுமே வராமல் அடைத்துக்கொண்டவர்களுக்கோ, எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம் கூடியிருக்கிறது. நானும் அந்த ரகம்தான். ஒலிக்காத ஃபோனைத்தான் அதிகமாக எடுத்துப் பார்ப்பேன்.

ஆகவே ஒரே விதி: ஆட்கள் கூப்பிட்டால் ஒலிக்கட்டும், செயலிகள் கூப்பிட்டால் வேண்டாம். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒரு செயலியின் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரித்து அணைக்க முடிகிறது. வங்கிச் செயலியைத் திறந்தால் பரிவர்த்தனைகள், பாதுகாப்பு எச்சரிக்கைகள், சலுகைகள், மற்றவை என்று வரிசையாக இருக்கிறது. சலுகைகளை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் 'உங்களுக்காகவே ஒப்புதல் அளிக்கப்பட்ட கடன்' என்று ஒன்று வந்தது. எந்த வகையில் வந்தது என்று தேடினால், பாதுகாப்பு எச்சரிக்கைகள்! அதை மட்டும் எவனும் அணைக்க மாட்டான் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

திரையில் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்தவர் ஆஸா ரஸ்கின். பிற்பாடு அதற்காக வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். அதற்கு முன்பெல்லாம் பக்கத்தின் அடியில் 'அடுத்து' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தலாமா, போதுமா என்று ஒரு நொடி யோசிப்போம். அந்த ஒரு நொடியைத்தான் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். படிக்க வேண்டாம் என்று முடிவெடுக்க ஒரு இடம் வேண்டாமா?

ஜூன் 8, ஞாயிறு

கேலரி. 'சேமிக்க இடம் போதவில்லை' என்று ஃபோன் புலம்ப ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. இவ்வளவு காலமும் கூடுதல் இடத்துக்கு மாதாமாதம் பணம் கட்டி அதன் வாயை அடைத்து வந்தேன்.

குடும்பப் படங்களில் கை வைத்தால் நாள் முழுக்க அதிலேயே ஓடிவிடும். அதனால் ஸ்க்ரீன்ஷாட்களில் மட்டும் இறங்கினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தால்: எப்போதோ காலாவதியான ஓடிபி. யாருடையது என்றே தெரியாத ஒரு முகவரி. முதுகுவலிக்கான உடற்பயிற்சி, அதே பயிற்சி இன்னொரு கோணத்தில். ஒருவர் எழுதிய நீண்ட பதிவின் முதல் பாதி (இரண்டாம் பாதியைக் காணவில்லை). வாங்கலாம் என்று எடுத்து வைத்த நாற்காலி, அதற்கு விலை குறைந்தபோது எடுத்த படம், மறுபடி ஏறியபோது எடுத்த படம்.

இவற்றில் ஒன்றுகூட நினைவுக்காக எடுத்ததில்லை. எல்லாம் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று எடுத்தவை. இப்போதே படிக்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுகிறோம். பெரும்பாலானவற்றை அழித்தேன். நாற்காலியின் மூன்று படங்களும் போயின. நாற்காலி வேண்டாம் என்று அப்போதுதான் முடிவானது.

ஜூன் 14, சனி

பணம். ஒத்திப்போட்டுக்கொண்டே வந்த வேலை.

ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்து, தானாகக் கழியும் தொகைகளை மட்டும் பென்சிலால் கோடிட்டேன். திரையில் பார்த்தபோது கண்ணில் படாதவை காகிதத்தில் பளிச்சென்று தெரிந்தன. ஒரு மொழி கற்கும் செயலி, பாட்டு கேட்க ஒன்று, இன்னொரு பாட்டு கேட்க ஒன்று, 'முதல் மாதம் இலவசம்' என்று சேர்ந்து மறந்துபோன ஏதோ ஒன்று. சேர ஒரே ஒரு தட்டு போதும். விலக வேண்டுமென்றால் நான்கு பக்கம் தாண்டி, 'நிச்சயமாகவா? உங்கள் பலன்களையெல்லாம் இழப்பீர்கள்' என்று சாம்பல் நிற எழுத்தில் கேட்பார்கள். இப்படி ஆளைச் சிக்க வைக்கும் வடிவமைப்புகளுக்கு ஹாரி பிரிக்னல் என்பவர் 2010-இல் 'டார்க் பேட்டர்ன்ஸ்' என்று பெயர் சூட்டி, உதாரணங்களைத் தொகுக்க ஆரம்பித்தார். இன்றைக்கும் அவருக்கு வேலை குறைந்திருக்காது.

சந்தாக்கள் சில்லறைதான். பெரிய ஓட்டை கிரெடிட் கார்டில். 'குறைந்தபட்சம் செலுத்த வேண்டிய தொகை' என்ற வரியை நாம் ஏதோ சலுகை மாதிரிப் படிக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டுகிற 5-இல் 3 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது சுமார் 2. புதிதாக ஒரு பொருளும் வாங்காமல் இப்படியே கட்டி வந்தாலும் கடன் பாதியாகவே இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். மீதிப் பாதி அப்படியே காத்திருக்கும்.

எனவே முழு நிலுவையும் தானாகக் கழியும்படி மாற்றி வைத்தேன். சேமிப்புக்கான தொகை சம்பளம் வந்த மறுநாளே வேறு கணக்குக்குப் போய்விடும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஒன்றும் மிஞ்சியதில்லை. இனி மாதாமாதம் உட்கார்ந்து மனதைத் திடப்படுத்திக்கொள்ளத் தேவையில்லை, ஒருமுறை எடுத்த முடிவு தன்பாட்டுக்கு ஓடும். தானியங்கியை கம்பெனிக்காரர்கள் மட்டும்தான் பயன்படுத்த வேண்டுமா என்ன.

ஜூன் 15, ஞாயிறு

நண்பனிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். "சம்பளம் வருகிறவனுக்கு இது சரிடா. அடுத்த வேலை எப்போது வரும் என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பவன் எதை அணைப்பான்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. எளிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குறைத்துக்கொள்ளுமளவுக்கு இருப்பவர்கள்தான்.

ஜூன் 21, சனி

கனவுகளின் முறை. இது இத்தனை கஷ்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

எழுதிப் பார்த்தேன்: கிடார், மூன்றாவதாக ஒரு மொழி, சொந்தத் தொழில், நாவல், படம் வரைவது, நீண்ட தூர ஓட்டம். இப்போதைய வயதில் பாதி இருந்தபோது தொடங்கியவையும் உண்டு, போன வருடம் யாரோ செய்வதைப் பார்த்து ஒட்டிக்கொண்டவையும் உண்டு.

முடிந்த வேலைகளைவிட அரைகுறையாக நின்றவைதான் நன்றாக நினைவில் நிற்கும் என்று உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927-இல் எழுதினார். பின்னால் வந்த சோதனைகளில் எப்போதும் அதே முடிவு கிடைத்துவிடவில்லை. எனக்கு அதைவிடப் பயன்பட்டது மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு. முடிக்காத வேலை மனதை அரித்துக்கொண்டிருந்தாலும், அதை எப்படிச் செய்வது என்று ஒரு திட்டவட்டமான திட்டம் போட்டுவிட்டாலே அரிப்பு அடங்குகிறதாம். வேலையை முடித்தாக வேண்டும் என்றுகூட இல்லை.

அதனால் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கிழமையும் நேரமும் எழுத முயன்றேன். படம் வரைவதற்குப் பேனா தானாக ஓடியது: செவ்வாய், வெள்ளி, காலை ஆறரை. நாவலுக்கு நேரம் எழுதப் போகும்போதே ஒரு சாக்கு வந்து நின்றது. கிடாருக்கு எந்தக் கிழமையைப் போட்டாலும் மனம் சுருங்கியது. யோசித்தால், எனக்கு கிடார் வாசிக்க ஆசையே இல்லை. கிடார் வாசிக்கத் தெரிந்தவனாக இருக்க ஆசை. இரண்டும் வேறு வேறு. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். வாங்கிய கையோடு, "அங்கிள், ஒரு கம்பி இல்லையே" என்றான். அது எப்போது அறுந்தது என்று எனக்குத் தெரியாது.

நாவலைப் பட்டியலிலிருந்து இன்னும் அடிக்கவில்லை. நேரமும் எழுதவில்லை. அது அப்படியே கிடக்கட்டும். எல்லாவற்றையும் பைசல் செய்துவிட வேண்டும் என்பதும் ஒரு வெறிதான்.

ஜூன் 30, திங்கள்

மொழிச் செயலியின் சந்தாவைச் செயலிக்குள் ரத்து செய்ய வழியே இல்லை. வாடிக்கையாளர் சேவையை அழைக்க வேண்டுமாம். நீண்ட இசைக்குப் பிறகு ஒரு பெண் எடுத்தார். பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம் என்றார். அதுவும் வேண்டாம், முடித்துவிடுங்கள் என்றேன்.

"காரணம் என்ன சார்? விலை அதிகமா, பாடம் பிடிக்கவில்லையா, வேறு செயலிக்கு மாறுகிறீர்களா?"

"எதுவும் இல்லைங்க. அந்த மொழியைக் கற்கப் போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன்."

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்படி ஒரு ஆப்ஷன் இல்லை சார். 'மற்றவை'னு போட்டுக்கட்டுமா?"

போட்டுக்கொள்ளச் சொன்னேன்.