அங்க தண்ணி எப்படி கீது?

ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரத்துக்கு வந்து இறங்கிய அன்றிரவு அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "அங்க தண்ணி எப்படி கீது?" வாணியம்பாடிப் பக்கம் பெண் கொடுக்கப் போகிற ஊரைப் பற்றியும் முதலில் இதைத்தான் விசாரிப்பார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. இளநீர்கூட உப்புக் கரிக்கும். பாலாற்று மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் குடித்ததாகப் பாட்டி சொல்வாள். நான் வளர்ந்ததெல்லாம் கேன் தண்ணீரில். இங்கே குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து அப்படியே குடித்தேன். "இனிக்குதும்மா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ஆவணப்படம் எடுப்பவள் நான். மேற்படிப்புக்காக ஜெர்மனி வந்தேன். முதல் குளிர்காலத்தில் என்னைக் காப்பாற்றியவர் மாடி வீட்டு ஈழத்து அக்கா. வேலூர்ப் பக்கம் என்றதும், "ஓ, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற இடமல்லோ" என்றார். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு அவர்தான் கூட்டிப்போனார். அவர் "கதைப்பம் வாங்கோ" என்பார், நான் "இன்னாக்கா" என்பேன். ஊரை விட்டு வந்த வலி இரண்டு பேருக்கும் ஒன்றில்லை. அவர் திரும்பிப் போக முடியாமல் வந்தவர். அதை நான் மறக்கக் கூடாது.

அப்பா டேனரியில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து விரல் இடுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார். சுண்ணாம்பு தின்ற விரல் நுனியில் ரேகை மழுங்கிவிட்டது. ரேஷன் கடையில் கட்டைவிரலை வைப்பார், மெஷின் ஏற்காது. வேட்டியில் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பார். மறுபடியும் ஏற்காது. பின்னால் வரிசை நீளும். என் முதல் படத்தின் முதல் காட்சி அந்தக் கட்டைவிரல்தான்.

அடுத்த படத்துக்கு இங்கே ஒரு நிதி நிறுவனத்தில் விண்ணப்பித்தேன். படிவத்தில் சுற்றுச்சூழல், சமூக நீதி என இரண்டு கட்டங்கள். இரண்டிலும் டிக் அடித்தேன். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. எதை விடுவது? டேனரிக் கழிவு நிலத்தையும் தண்ணீரையும் கெடுப்பதை எதிர்த்து வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானதை அதே தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. நிலம் பாழானதும் அதில் கூலிக்குப் போனவர்கள் எங்கே போனார்கள்? அதே டேனரிக்குத்தான். என் அப்பாவும் அப்படிப் போனவர்தான். இதில் தண்ணீரை ஒரு படமாகவும் அவரை இன்னொரு படமாகவும் எப்படி வெட்டுவது?

2015 ஜனவரி 31 விடிவதற்குள் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். புது ஊரில் தனி அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கிற இரவுகளில் அவர்கள் ஞாபகம் வருகிறது. அவர்கள் வீட்டிலும் வந்த அன்றைக்குப் போனில் ஏதோ ஒன்றை முதலில் கேட்டிருப்பார்கள்.

இங்கே எம்ஷர் என்று ஒரு ஆறு ஓடுகிறது. நூறு வருஷத்துக்கும் மேல் அது திறந்த சாக்கடை. நிலக்கரி வெட்டிய இடங்களில் பூமி உள்வாங்கிக்கொண்டே இருந்ததால் மண்ணுக்கடியில் குழாய் பதிக்க முடியவில்லை. ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலாக்கிக் கழிவைத் திருப்பிவிட்டார்கள். சுரங்கங்கள் ஓய்ந்து நிலம் அடங்கிய பிறகு, 1992 வாக்கில் மீட்கிற வேலை தொடங்கியது. 51 கிலோமீட்டருக்கு நிலத்தடிக் கால்வாய், 500 கோடி யூரோவுக்கு மேல் செலவு. 2021 கடைசியில்தான் ஆற்றில் கழிவுநீர் விழுவது நின்றது. முதல் முறை அதன் கரையில் போய் நின்றபோது நாணல் நடுவே வாத்து நீந்திக்கொண்டிருந்தது. அழுதுவிட்டேன். முடியும் என்று கண்ணால் பார்த்த அழுகை அது.

என் படத்தை ஒரு சமூகக் கூடத்தில் திரையிட்டேன். எல்லோரும் தோல் பதனிடப் போடுகிற குரோமியத்தைப் பற்றியே கேட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பெரியவர், சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர், கட்டைவிரலைப் பற்றிக் கேட்டார். சின்ன வயதில் எம்ஷர் பக்கமே போகக்கூடாது என்று வீட்டில் மிரட்டுவார்களாம், விழுந்தால் அந்த கான்கிரீட் சரிவில் ஏறி வர முடியாது என்று. சுரங்கம் மூடினால் சோறு போய்விடும் என்பதால் ஆற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்றார். அதைக் கேட்கும்போது என் தெருவில் நிற்பது மாதிரியே இருந்தது.

அன்றிரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "சரி பாப்பா, சுரங்கத்த மூடினாங்களே, அந்த ஆளுங்களுக்கு அப்புறம் யாரு சோறு போட்டாங்க?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பெரியவர் வியாழக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். கேமராவுக்குச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.